பெற்றோல் மணத்துக்குப் பழகிய மூக்கு

என் அப்பாவுக்குப் பெற்றோல் மணம் பிடிக்கும். 1990களில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த அந்த ஆண்டுகளில் பெற்றோல் மருந்தைப்போல் அளந்து விற்கப்பட்டது. அப்பாவின் மொறிஸ் மைனர் வாடகைக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்துக்குள் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில், அதைச் சூப்பி என்போம், பத்திரப்படுத்தி வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, இயந்திரம் பிடித்துச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தச் சூப்பியைத் திறந்தால் வீடு முழுவதும் மணக்கும். யாரோ வெளிக்கிடப் போகிறார்கள் என்பதற்கு அந்த மணமே அறிவிப்பு. பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்காகவோ பாம்புக்கடிக்காகவோ தான் கார் வெளிக்கிடும். நல்ல காரியத்தின் மணமாக அது எங்கள் மூக்கில் பதிந்துவிட்டது.

அந்தப் பதிவு கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் என் மகளையும் மாமியையும் என்னையும் எரித்திருக்கும். இதை எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் மல்லாவியில் இருக்கிறேன், விஞ்ஞான ஆசிரியை. எங்களிடம் இருப்பது 1990களின் பிற்பகுதியில் வந்த ஒரு யப்பானியக் கார். காரை நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் விடுவோம். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்கு றப்பரும் நெல்லும் ஒன்றுதான். இயந்திரத்துக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாயை அது கடித்திருந்தது. ஒரு நாள் காலை காருக்குக் கீழே ஈரம் கண்டோம். வழியில் இருந்த ஒரு கராஜில் கொடுத்தோம். கடிபட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஓடுவது வெளியே தெரியும் கண்ணாடி நிறப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை மாட்டி, இரண்டு கிளிப்புகளை இறுக்கித் தந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

அடுத்த இரண்டு நாட்களும் பாடசாலைக்குப் போய்வந்தேன். காருக்குள் இலேசாக மணந்தது. வீட்டில் சொன்னபோது, "புதிதாக வேலை செய்த வாகனம் இரண்டு நாளைக்கு அப்படித்தான் மணக்கும்" என்றார் என் கணவர். அப்பா பின் இருக்கையில் ஒரு தரம் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு, "நல்ல மணம்" என்றார். நான்? பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது, பள்ளத்தில் தேங்கும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற நான், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

மூன்றாம் நாள் மாமிக்கு வவுனியாவில் கிளினிக். காலையில் போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது நேரம் இரண்டு மணி. சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏ9 வீதியின் தார் நீரலையாகத் தெரிந்தது. புளியங்குளத்தைக் கடந்து, கனகராயன்குளத்தையும் தாண்டி மாங்குளத்துக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கார் இரண்டு முறை திணறியது. அக்சிலேற்றரை மிதித்தும் வேகம் எழவில்லை. அதோடு மணம் வந்தது. இம்முறை அது இலேசானது அல்ல, தொண்டையில் போய் உட்காரும் மணம். பின்னால் இருந்த மகள், "அம்மா, கண் எரிகிறது" என்றாள். அந்தச் சொல்தான் என்னை நிறுத்த வைத்தது. வீதியின் இடது ஓரமாக ஒதுக்கித் திறப்பைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தேன். பொனற்றைத் திறக்கும் பிடியையும் பழக்கத்தில் இழுத்துவிட்டேன். இறங்கும்போதுதான் பொனற்றின் ஓரத்தால் புகை வருவதைப் பார்த்தேன்.

மாமிக்கு இரண்டு முழங்காலும் இயலாது. அவரை இறக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. மகளை ஓடு என்று சொன்னேன்; அவள் ஓடாமல் மாமியின் மறுகையைப் பிடித்தாள். நாங்கள் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தோம். சோழகமோ தென்மேற்கிலிருந்து அடிப்பது. ஆகவே முன்னால் கிளம்பிய தீயைக் காற்று எங்களிடமிருந்து அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று வாடை அடித்திருந்தால் தீ முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்திருக்கும். காற்று வரும் பக்கமாகப் பின்னோக்கி இருவரையும் நடத்திப்போய் ஒரு முதிரை மரத்தடியில் இருத்தினேன். பிறகு நான் செய்த காரியம் மகா பிழையானது. கையில் இருந்த ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலோடு காருக்குத் திரும்பி ஓடினேன். பொனற்றைத் தூக்கி ஊற்றுவது என் எண்ணம்.

"பிள்ளை, திறக்க வேண்டாம்! கையை எடுங்கோ!"

எதிரே வந்து நின்ற மணல் ரிப்பரிலிருந்து குதித்தவர் கத்தியது அது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கையில் சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர் இருந்தது. பொனற் கொளுக்கி ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு நின்றது. அந்த இடைவெளிக்குள் குழலின் வாயைக் கொடுத்து அடித்தார். வெள்ளைத் தூள் எல்லாப் பக்கத்தாலும் கிளம்பியது. பிறகு குனிந்து முன்சில்லுக்கு மேலிருக்கும் இடைவெளியால் இன்னொரு தரம். அவருடைய உதவியாள் பொடியன் வாளியில் மணலை அள்ளி வந்து, தரையில் சொட்டி எரிந்துகொண்டிருந்த பெற்றோலின்மேல் போட்டான். வீதியோர இலுக்குப் புல்லில் பிடித்ததையும் மணலாலேயே மூடினான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதன் பின் அரை மணி நேரம் அந்த மனிதர் யாரையும் பொனற்றைத் தொட விடவில்லை. "உள்ளே இரும்பு இன்னும் கொதிக்கிறது. காற்றுப் பட்டால் திரும்பவும் பிடிக்கும்" என்றார். தேநீருக்குக்கூடக் காசு வாங்காமல் போய்விட்டார். அவருடைய பெயரைக் கேட்க மறந்தது இன்றுவரை என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

பொனற்றை ஏன் திறக்கக் கூடாது என்பதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் பொனற்றுக்குள் தீக்கு ஒட்சிசன் குறைவு. முழுதாகத் தூக்கினால் காற்று ஒரேயடியாக உள்ளே பாயும்; தீ முகத்தில் வந்து அடிக்கும். என் கையில் தண்ணீர் வேறு. பெற்றோல் தண்ணீரில் மிதக்கும். ஊற்றியிருந்தால் எரிகிற பெற்றோலை என் காலடிக்கே ஓட விட்டிருப்பேன். அன்று நான் நைலோன் சேலை உடுத்தியிருந்தேன். அது எரியும்போதே உருகித் தோலில் ஒட்டும். இதற்கு மேல் எழுத எனக்கு இயலவில்லை.

காரைக் கட்டி இழுத்துக் கிளிநொச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நாற்பது ஆண்டு இதே தொழில். அவர் கரிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். நான் கொப்பியில் எழுதினேன்.

"உங்கள் அப்பாவின் மொறிஸ் மைனரில் பம்ப் பெற்றோலை மெதுவாகத்தான் தள்ளும். குழாய் வெடித்தால் சொட்டும், ஒழுகும். இந்தக் காரில் பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது. இது சொட்டுகிற கார் இல்லை, பீச்சுகிற கார்" என்றார். இன்ஜெக்டர் உள்ள கார்களில் எரிபொருள் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கார் ரயருக்குள் இருக்கும் காற்றைவிட அதிகம். அந்தக் குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நெல்லுக்கு மருந்தடித்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெளிகருவியின் முனையில் வருவதுபோல் புகாராகக் கிளம்பும். பெற்றோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதில்லை; ஆவிதான் எரிகிறது. புகாராகத் தெளித்தால் ஆவியாவதற்கு அதற்கு நேரமே வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசில்கூடத் தீப்பிடிக்கக்கூடிய அளவு ஆவியைப் பெற்றோல் விடும். மண்ணெண்ணெய் அப்படியல்ல, ஏறக்குறைய 38 பாகை அல்லது அதற்கு மேல் சூடேறினால்தான் அந்த அளவு ஆவி விடும். அப்பாவின் காலத்தில் கையிலும் சட்டையிலும் எண்ணெய் ஊற்றிக்கொண்டும் பலர் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் கெட்டித்தனம் இல்லை. அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் மண்ணெண்ணெய்.

அந்தக் கண்ணாடிக் குழாயையும் காட்டினார். மீன் தொட்டிக்கும் தண்ணீருக்கும் பாவிக்கிற குழாய். பெற்றோல் பட்டதும் அதன் மென்மையைத் தரும் பொருள் கரைந்து போய்விடுகிறது. குழாய் விறைத்துச் சுருங்குகிறது. கிளிப்பின் பிடி தளர்கிறது. பாடசாலைக்குப் போய்வந்த சின்ன ஓட்டங்களில் இயந்திரம் முழுச்சூடு ஏறவில்லை, ஆகவே தாங்கியது. வவுனியாவிலிருந்து வந்த வெயிலோட்டத்தில் தாங்கவில்லை. அதைப் பற்றவைத்தது சூடேறிய புகைக்குழாயா, பழைய பிளக் வயரில் கசிந்த மின்பொறியா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பொனற்றுக்குள் இரண்டுமே எப்போதும் இருக்கின்றன. அவற்றை இல்லாமல் செய்ய முடியாது. பெற்றோல் வெளியே வராமல் பார்ப்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது.

எரிபொருளுக்கென்று செய்த குழாயின் மேலேயே அதன் தரம் அச்சடிக்கப்பட்டிருக்கும். காபரேற்றர் வண்டிக்குச் செய்தது வேறு, இன்ஜெக்டர் வண்டியின் அழுத்தத்துக்குச் செய்தது வேறு. கடையில் "பெற்றோல் குழாய் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் எது கையில் அகப்படுகிறதோ அதைத் தருவார்கள். இன்ஜெக்டருக்கானது என்று சொல்லிக் கேளுங்கள். எழுத்தை வாசித்துப் பாருங்கள். கிளிப்பும் அப்படித்தான். பட்டியில் பல் வெட்டிய சாதாரணக் கிளிப் இறுக்க இறுக்க றப்பரை அரிந்துகொண்டு உள்ளே போகும். ஓரம் மழுங்கிய, சுற்றிவரச் சமமாக அழுத்தும் கிளிப் தனியாக இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மூன்று உயிரைப் பணயம் வைத்த அந்தக் கராஜின்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. போய்ச் சொன்னேன். "அதிக நாள் ஓடுவீர்கள் என்று நினைக்கவில்லை, தற்காலிகமாகத்தான் போட்டோம்" என்றார்கள். தற்காலிகம் என்று எங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

தற்காலிகம் என்றதும் சவர்க்காரம் நினைவுக்கு வருகிறது. தாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரக் கட்டியைப் பிசைந்து அப்பி ஓடுவது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒழுக்கு நிற்கவும் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். நடுக்காட்டில் யானை வரும் நேரத்தில் வேறு வழியில்லாமல் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் சவர்க்காரமும் நிற்காது, சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினாலும் நிற்காது. அந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவதுதான் வழி.

இப்போது ஒவ்வொரு ஞாயிறு காலையும், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, பொனற்றைத் திறந்து பார்க்கிறேன். பெற்றோல் சீக்கிரம் காய்ந்துவிடும், கறை தெரியாமலும் போகலாம். ஆகவே கண்ணை மட்டும் நம்ப முடியாது. குழாயை விரலால் நசுக்கிப் பார்ப்பேன். நல்ல றப்பர் நசிந்து மீளும். கெட்டது பனம் மட்டைபோல் விறைத்து நிற்கும், வளைவில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். கிளிப்புக்குக் கீழே விரலை ஓட்டி மோந்து பார்ப்பேன். மகள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடிப்பாள். இதையும் சொல்ல வேண்டும்: தாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க லைற்றர் தட்டியவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். மாரி தொடங்கி வயலில் வெள்ளம் ஏறும் நாட்களில் எலிகள் மேட்டையும் சூட்டையும் தேடி இயந்திரத்துக்குள் வரும். அந்த மாதங்களில் மூன்று நாளைக்கொரு தடவை பார்க்கிறேன். நெல் மூட்டைகளையும் வேறு கொட்டிலுக்கு மாற்றியாயிற்று.

ஓடும்போது மணந்தால் எனக்கு இப்போது ஒரே ஒரு பழக்கம்தான். ஓரமாக நிறுத்துவது, திறப்பைத் திருப்புவது, எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் பக்கமாக முப்பது மீற்றராவது நடத்திப்போவது. இயந்திரத்தை அணைத்தால் மின்பம்பும் நின்றுவிடும், தீக்கு ஊற்றிக்கொண்டிருந்த கை நிற்பதுபோல. பிறகு, ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் ஆசையில் திரும்பவும் ஸ்ராட் பண்ணிப் பார்ப்பதில்லை. உடனே பற்றரி வயரைக் கழற்றவும் கை வைப்பதில்லை; கழற்றும்போது எழும் பொறியே போதும். காற்று ஆவியைக் கொண்டுபோகும்வரை பொறுக்க வேண்டும். சோழகக் காலத்தில் காய்ந்த இலுக்கின்மேல் நிறுத்துவதும் இல்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு காரின் அடியில் இருக்கும் புகைக்குழாயின் சூடு மட்டுமே காய்ந்த புல்லைப் பற்றவைக்கும், பெற்றோலே தேவையில்லை.

ஒரு கிலோ உலர்தூள்ச் சிலிண்டர் ஒன்று வாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அருகே கட்டியிருக்கிறேன். டிக்கியில் வைத்தால் தேவையான நேரத்தில் எடுக்க முடியாது. அது பத்து வினாடியளவுதான் அடிக்கும். ஆகவே ஊசியைக் கழற்றுவதை வீட்டு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகினேன். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு மாதத்துக்கொரு தடவை தலைகீழாகக் குலுக்கவும் வேண்டும், குலுங்கும் பாதையில் தூள் அடியில் இறுகிவிடும். பத்து வினாடிக்குள் அடங்காத தீயிடம் நான் நிற்கப்போவதில்லை. கார் போகட்டும்.

எங்கள் பக்கத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். தீயணைப்புக்கு 110ஐ அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் எங்கள் வீதிகளின் நீளத்துக்கு ஒரு கார் எரிந்து முடியும் முன் தீயணைப்பு வண்டி வந்துசேர்வது அரிது. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்த இரவை மறந்தவர்கள் இங்கே இல்லை. யாராவது எரிகாயப்பட்டால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது வரும்வரை இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், அவ்வளவே. பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சட்டையில் பெற்றோல் ஊறியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் மூக்கு மாறிவிட்டது. முன்பு கண்ணில் படாதவை எல்லாம் இப்போது மணக்கின்றன. குறுக்குத் தெருக் கடைகளில் சோடாப் போத்தல்களில் பெற்றோல் நிரப்பி வெயிலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் அடுப்பு எரிகிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் வீட்டுக்கு வீடு படுக்கையறையில் கான் இருந்தது. பின்னர் ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வகுத்தபோதும், தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுத்துப் போத்தலில் சேர்த்தவர்கள் உண்டு. நானும் சேர்த்தேன். இல்லாமல் போய்விடும் என்ற பயம் எங்கள் தலைமுறையின் எலும்புக்குள் இருக்கிறது. அதைப் புரியாமல் யாரும் எங்களைக் கடிந்து பேசக் கூடாது. ஆனால் அந்தப் போத்தல்களில் சில இன்னும் அலுமாரிக்குக் கீழே இருக்கின்றன. தயவுசெய்து இன்றைக்கே எடுத்து வெளியே, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கான் நிரப்பும்போது நிலத்தில் வைத்து நிரப்புங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றில் மடியில் வைத்தபடி நிரப்பினால் சேரும் நிலைமின்னேற்றம் நிலத்துக்குப் போக வழி இல்லை, அது பொறியாகப் பாயலாம்.

அப்பாவின் மொறிஸ் மைனர் 2009இல் எங்களோடு புதுக்குடியிருப்புவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவர் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. எங்கள் கார் எரிந்த கதையைக் கேட்டபோதும் பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

திருத்தி வந்த காரில் போன மாதம் அவரை முறிகண்டிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து ஏறினோம். திறப்பைத் திருப்பினேன். இயந்திரம் பிடித்தது. அப்பா மூச்சை இழுத்தார்.

"மணக்கிறது" என்றார்.

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனாலும் அணைத்தேன். நான் கதவைத் திறப்பதற்குள், எழுபத்தெட்டு வயதில் கம்பு இல்லாமல் எழும்ப இயலாத அவர், தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காற்று வரும் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தார். பொனற்றை ஒரு விரல் அகலம் விட்டு, பொறுத்து, பிறகு முழுதாகத் திறந்து ஒவ்வொரு கிளிப்பாக விரல் ஓட்டினேன். எல்லாம் காய்ந்திருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் மூடி சரியாகப் பூட்டாத போத்தல் ஒன்று பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் கச்சான் கடையில் நின்றார். அப்பா அவரிடம் போய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.